ஆச்சா மரமும் வளைந்த பலகையும்

ஜாஸ் இசைக்கென்று உயர்தரக் கிதார் ஒன்றை வாங்க முனைபவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘ஆர்ச்டாப்’. நம் மெல்லிசைக் குழுக்களில் பார்த்துப் பழகிய கிதாருக்கு முகப்பலகை தட்டையாக இருக்கும். நடுவே வட்டத் துளை இருக்கும். ஆர்ச்டாப்பின் முகப்பலகையோ வயலினைப் போல நடுவில் மேடிட்டு ஓரங்களை நோக்கிச் சரிகிறது. வட்டத் துளைக்குப் பதிலாக இருபுறமும் ஆங்கில ‘எஃப்’ எழுத்தின் வடிவில் இரண்டு வெட்டுகள். தனிக் கைவினைஞர் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து செய்து முடித்த அத்தகைய கிதாரின் விலை பல ஆயிரம் டாலர்களில் தொடங்குகிறது. மறைந்த பெருங்கைவினைஞர்கள் செய்துவிட்டுப் போனவை பல பத்தாயிரங்களை எட்டுகின்றன. இவ்வளவு பணம் கொடுப்பவர் மரத்தின் வயதை விசாரிக்கிறார், பலகையைத் தட்டிப் பார்க்கிறார், செய்தவரின் பரம்பரையைக் கேட்கிறார்.

எல்லாம் சரிதான். ஆனால் வாத்தியத் தேர்வின் வரலாற்றைப் பார்த்தால், மரமும் விலையும் இரண்டாம் இடத்துக்குத்தான் வருகின்றன. இந்த வாத்தியத்தைக் கையில் எடுப்பவன் எங்கே உட்கார வேண்டும் என்பதே முதற்கேள்வியாக இருந்திருக்கிறது. மேடையின் நடுவிலா, ஓரத்திலா, பின்வரிசையிலா. அல்லது உட்காரவே இடமின்றித் தெருவில் நின்றுகொண்டா? இப்படிச் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். தாமிரபரணிச் சீமையில் இருமுறை, அமெரிக்காவில் ஒருமுறை இந்தக் கேள்வி எழுந்த விதத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவ்வளவு மிகையாகத் தோன்றாது.

ஆர்ச்டாப்பின் கதையை வயலினிலிருந்து தொடங்குவதே முறை. வயலினின் முகப்பலகை வளைக்கப்படுவதில்லை. தடித்த ஊசியிலை மரத்துண்டு ஒன்று உள்ளும் புறமும் செதுக்கப்பட்டு அந்த வளைவைப் பெறுகிறது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் ஆர்வில் கிப்சன் என்பவர் 1890களில் இதே செதுக்கு முறையை மாண்டலினுக்கும் கிதாருக்கும் கொண்டுவந்தார். அவர் பெயரிலான நிறுவனம் 1902இல் உருவானது. அங்கே வந்து சேர்ந்த லாய்ட் லோர், 1922இல் வெளியான ‘எல் 5’ என்ற கிதாரில் வயலினின் எஃப் வெட்டுகளையும் சேர்த்தார். ஆர்ச்டாப்பின் இலக்கணம் அத்துடன் முடிவாகிவிட்டது. முகப்புக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள். தட்டைக் கிதாரில் தந்திகள் ஒட்டப்பட்ட குதிரையைப் பிடித்து இழுக்கின்றன. ஆர்ச்டாப்பில் குதிரை ஒட்டப்படுவதில்லை. வால்பகுதியில் கட்டப்பட்ட தந்திகள் அதன்மேல் ஏறி அழுத்த, அந்த அழுத்தத்திலேயே அது நிற்கிறது. இவ்வமைப்பால் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். நீண்டு ஒலிக்கும் இனிமை இதில் குறைவு. கூட்டத்தில் வெட்டிக்கொண்டு வெளியே வரும் தெளிவு அதிகம்.

அந்தத் தெளிவுக்குத் தேவை இருந்தது. 1920களின் அமெரிக்க நடன மண்டபங்களில் ஊதுகருவிகளுக்கு நடுவே தாளம் பிடிக்கும் வேலையை பேஞ்சோ செய்துவந்தது. கிதாரின் குரல் அங்கே எடுபடவில்லை. எடுபட வேண்டுமானால் உடலைப் பெரிதாக்க வேண்டும். 1934இல் கிப்சன் நிறுவனம் பதினெட்டு அங்குல அகலத்தில் ‘சூப்பர் 400’ என்ற கிதாரைக் கொண்டுவந்தது. பெயரில் உள்ள எண் அதன் விலைதான்: நானூறு டாலர்! உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த ஆண்டுகளில் அது சிறிய தொகையன்று. நியூயார்க்கில் ஜான் டி ஏஞ்சலிக்கோ தம் சிறிய பட்டறையில் அதே அளவுக் கிதார்களைச் செய்தார். பாஸ்டனில் ஸ்ட்ரோம்பெர்க் இன்னும் ஓர் அங்குலம் கூட்டினார். இத்தனை பாடும் எதற்கென்றால், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவனின் தாளம் முன்வரிசைக்குக் கேட்பதற்காக. அவனை முன்வரிசைக்கு அழைத்துவர வேண்டும் என்று அப்போது யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

மின்சாரம் அதைச் செய்தது. 1936இல் ‘ஈஎஸ் 150’ என்ற மின்கிதார் சந்தைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர், சாக்ஸஃபோன்காரரைப் போல ஒற்றை ஒற்றைச் சுரமாகத் தனி வாசித்தார். இரண்டே ஆண்டுகள், 1942இல் இருபத்தைந்து வயதில் காசநோயால் இறந்துபோனார். ஆனால் கிதார்காரரின் நாற்காலி முன்னே நகர்ந்துவிட்டது. பிறகு நடந்தது வேடிக்கையானது. அருமையாகச் செதுக்கிய முழுமரப் பலகை, ஒலிபெருக்கியின் முன்னால் அளவுக்கு மீறி அதிர்ந்து ஊளையிட்டது. கல்யாண வீட்டு மைக் கீச்சிடுமே, அதே சங்கதி. 1949இல் ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்துச் செய்த ‘ஈஎஸ் 175’ வந்தது. செதுக்கு வேலை இல்லை, விலை குறைவு, ஊளையும் குறைவு. ஜோ பாஸ், ஜிம் ஹால் போன்ற மேதைகள் புகழ்பெற்றது அந்த ஒட்டுப்பலகைக் கிதாரில்தான். ‘உயர்தரம்’ என்ற சொல்லை நாம் எவ்வளவு அசட்டையாகக் கையாள்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இடம் மாற விரும்பாதவரும் ஒருவர் இருந்தார். கௌண்ட் பேசியின் குழுவில் 1937இல் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை தாளக் கிதார் வாசித்த ஃபிரெடி கிரீன். அவர் ஒருமுறை ஒலிபெருக்கி கொண்டுவந்ததாகவும், சக கலைஞர்களே அதை மறைத்தும் பழுதாக்கியும் அவரைப் பழைய வழிக்குத் திருப்பியதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஐம்பது ஆண்டுகள் அவர் மின்சாரம் இல்லாத பெரிய ஆர்ச்டாப்பையே மடியில் வைத்திருந்தார். கேட்பவருக்கு அவர் கிதார் தனியாகக் கேட்காது. அது நின்றால் மட்டும் குழு முழுவதும் ஏதோ குறைந்துபோனதாகத் தெரியும்.

இனி நம் பக்கத்துக்கு வரலாம். ஆர்ச்டாப்புக்குத் தாயான அதே வளைந்த பலகை, அமெரிக்கக் கிதாருக்குள் நுழைவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே திருநெல்வேலிச் சீமையின் கரிசல் மண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வந்த இடம் எட்டயபுரம் அரண்மனை. கொண்டுவந்தவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர்.

பாலுசாமி தீட்சிதர் (1786-1859) சென்னையை அடுத்த மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பத்துடன் இருந்த காலத்தில், கோட்டையைச் சேர்ந்த ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் வயலின் கற்றார் என்று அவர் குடும்ப வரலாறு சொல்கிறது. அந்த வரலாற்றை எழுதி வைத்தவர் அவருடைய பேரனும் தத்துப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர். எட்டயபுரத்தில் 1904இல் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூலின் ஆசிரியர் அவர்தான். தெலுங்கில் எழுதப்பட்ட அந்நூலுக்கு முழு ஆதரவு தந்தது எட்டயபுரம் சமஸ்தானம். (1906இல் அவர் மறைந்தபோது அதே ஊரில் பிறந்த பாரதி இரங்கற்பா எழுதினார் என்பது இலக்கிய வாசகர்கள் அறிந்ததே.) முத்துசாமி தீட்சிதர் தம் கடைசிக் காலத்தில் தம்பியைத் தேடி எட்டயபுரம் வந்து, 1835 தீபாவளி நாளில் அங்கேயே காலமானார். சமாதி இன்றும் அவ்வூரில் இருக்கிறது. காய்ந்து கிடந்த வழியில் அவர் அமிர்தவர்ஷிணி பாடி மழை பெய்தது என்ற கதையைக் கரிசல்காட்டுக்காரர்கள் நம்புவதில் வியப்பில்லை. அந்த மண்ணுக்கு மழையைவிடப் பெரிய அற்புதம் வேறு கிடையாது.

பாலுசாமி செய்த தேர்வைக் கவனிக்க வேண்டும். அவருக்கு முன்னால் இருந்த வயலின், வெள்ளைக்கார வாத்தியக் கோஷ்டியில் நாற்காலியில் உட்கார்ந்தோ நின்றோ தோளில் சாய்த்து வாசிக்கும் கருவி. நம் கலைஞர்கள் அதன் பலகையில் ஒரு சீவல்கூடக் கை வைக்கவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருளை வலது கணுக்காலிலும் அடிப்பகுதியை மார்பிலும் பொருத்திக்கொண்டார்கள். தோளுக்கும் தாடைக்கும் வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாமல் போகவே, இடக்கை தந்தியில் வழுக்கி வழுக்கிக் கமகத்தைத் தேடும் சுதந்திரம் பெற்றது. நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று கட்டினார்கள். வாத்தியத்தை மாற்றாமல் உட்காரும் முறையை மாற்றியே அதைத் தமதாக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது. இதைப்போன்ற எளிய, முழுமையான சுவீகாரம் உலக இசை வரலாற்றில் அதிகம் இராது என்பது என் எண்ணம்.

தீட்சிதரின் மாணாக்கர்களான தஞ்சை நால்வரில் வடிவேலு வயலினில் பெயர் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஆக, ஒரு தலைமுறைக்குள் அந்நியக் கருவி அரசவையின் பரிசுப்பொருளாகிவிட்டது. ஆனால் கச்சேரி மேடையில் அதற்குக் கிடைத்த இடம் பாடகரின் பக்கம். ‘பக்கவாத்தியம்’ என்று நம் மொழி இருக்கையையே பெயராக்கி வைத்திருக்கிறது. தனிக் கச்சேரி செய்யும் வயலின் வித்வான்கள் வந்த பிறகும் அந்தச் சொல் அதை விட்டு நீங்கவில்லை.

பக்கமும் இல்லாமல் நடுவும் இல்லாமல், மேடைக்கே வெளியே நின்ற வாத்தியம் ஒன்று இருந்தது. நாதஸ்வரமா நாகசுரமா என்ற வழக்கை இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அது நாயனம், வாசிப்பவர் நாயனக்காரர்.

திருச்செந்தூரில் நாயனம் எதனோடு போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, அலை வந்து அறையும் கரையிலேயே கோயில். ஐப்பசியில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரசம்ஹாரம் கடற்கரை மணலில் நடக்கிறது. லட்சக்கணக்கில் கூட்டம், காற்று, அலை, தவில், இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் கேட்க வேண்டும். ஆவணித் திருநாளிலும் மாசித் திருநாளிலும் சுவாமி வீதியில் எழுந்தருளும்போது தெருக்கோடியில் நிற்பவனுக்கு, சப்பரம் கண்ணில் படுமுன் நாயனம் காதில் பட வேண்டும். இந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் ‘திமிரி’ நாயனம். நீளம் குறைவு, சுருதி அதிகம். ஆர்மோனியக் கணக்கில் நாலு கட்டை, ஐந்து கட்டை. பெயரே அதன் குணத்தைச் சொல்கிறது: திமிறிக்கொண்டு கிளம்பும் ஒலி. நடன மண்டபத்துக்குப் பதினெட்டு அங்குல ஆர்ச்டாப் எப்படியோ, நம் ரத வீதிகளுக்குத் திமிரி அப்படி.

ஆனால் திமிரிக்கு ஒரு சிக்கல் இருந்தது. சுத்த மத்திமம் அதில் இயல்பாகப் பேசாது. ஊதும் வேகத்தைக் குறைத்தும் உதட்டால் சீவாளியைக் கட்டுப்படுத்தியும் அந்தச் சுரத்தை வருவிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் செய்தார்கள். எனினும் ஒவ்வொரு முறையும் அது உடம்பின் உழைப்பில் வரும் சுரம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. பாட்டுக் கச்சேரியில் ஆண்குரல் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைச் சுருதியில் அமர்ந்திருக்கையில், நாலு கட்டைக்கு மேல் பேசும் வாத்தியம் கூடத்துக்குள் வந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். எனவே அது வெளியிலேயே நின்றது. அதை வாசித்தவர்களும் வெளியிலேயே நின்றார்கள். ஊர்வலத்தில் நடந்து, கல்யாண வீட்டு முற்றத்தில் காத்திருந்து, மேல்சட்டை இல்லாமல். ஒரு துளை சரியான இடத்தில் இல்லை என்பதும் ஒரு சாதி திண்ணையில் ஏற முடியவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள்தாம். ஆனால் இரண்டும் ஒரே வாத்தியத்தின் மேல் வந்து அமர்ந்திருந்தன.

இரண்டையும் சேர்த்தே அசைத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவர் முதலில் வாய்ப்பாட்டுக்காரர் என்பதை இவ்விடத்தில் மறக்கக் கூடாது. பாட்டில் தாம் கேட்ட இராக ஆலாபனையை நாயனத்தில் அப்படியே கொண்டுவர விரும்பினார். கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கன்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி அவருக்காக வாத்தியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். உலவு எனப்படும் குழலின் நீளம் கூடியது, துளைகளின் இடமும் அளவும் மாறின. சுத்த மத்திமம் தன்னால் பேசும் ‘பாரி’ நாயனம் உருவானது. மூன்றடியை நெருங்கும் நீளம். இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி. ஒலி கனத்து, உருண்டு, கூடத்துக்குள் தங்கியது.

ராஜரத்தினம் என்றதும் எல்லோர் நினைவிலும் எழுவது தோடி. தோடி சுத்த மத்திம இராகம். மணிக்கணக்கில் அந்த இராகத்தை விரிக்க நினைக்கும் ஒருவருக்கு ஒரு சுரம் ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கெஞ்சி வர வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? தோடியே அந்தத் துளையை இடம் மாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது. அதே மனிதர்தாம் குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார், சட்டை அணிந்தார், மேடை போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். பாரி நாயனத்தை வெறும் ஒலியியல் முன்னேற்றமாக எழுதுபவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள். வாய்ப்பாட்டுக்காரரின் சுருதிக்கு அருகில் வருவது வாய்ப்பாட்டுக்காரரின் ஆசனத்துக்கு அருகில் வருவதும்தான். சார்லி கிறிஸ்டியனின் மின்கிதார் செய்ததை இங்கே ஆச்சா மரம் செய்தது, மின்சாரம் இல்லாமல்.

அந்த வாத்தியத்தையும் அந்த ஆசனத்தையும் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தவர் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே, பத்தமடைப் பாய்க்குக் கூப்பிடு தூரத்தில், மண்பாண்டத்துக்குப் பேர்போன சிற்றூர் காருகுறிச்சி. 1921இல் அங்கே பிறந்த அருணாசலம், ராஜரத்தினத்தின் சீடராகி அவரோடு சேர்ந்து வாசித்து, பின்னர் கோவில்பட்டியில் குடியேறினார். ஒரு கரிசல் ஊரின் கல்யாணத்தில் அவர் நாயனம் என்றால், அழைப்பில்லாத நாலு ஊர்க்காரர்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. தஞ்சைப் பாணியை அவர் இங்கே வெறுமனே இறக்குமதி செய்யவில்லை. குருவின் தோடியில் இருந்த கம்பீரம் சீடரிடம் வந்தபோது அதற்குள் ஒரு குழைவு சேர்ந்தது. விளாத்திகுளம் சுவாமிகள் போன்ற மேதைகள் பாடித் திரிந்த நிலத்தில் வாழ்ந்ததன் பயனாகவும் அது இருக்கலாம்.

1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாயனம் சேர்ந்த ‘சிங்கார வேலனே’ பாடலைக் கேட்காத தமிழர் குறைவு. பாடல் விளிப்பது செந்தூர் முருகனை. இராகம் ஆபேரி. ஆபேரியும் சுத்த மத்திம இராகமே. குருவின் தோடிக்காகச் சீரான துளை சீடரின் ஆபேரிக்கும் பயன்பட்டது. பெண்குரல் ஒரு சுரக்கோவையைப் பாட, நாயனம் அதை வாங்கித் திருப்பித் தருகிறது. பிறகு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. திருச்செந்தூர்க் கடற்கரையில் அலைக்கு மேலே கேட்கப் பிறந்த வாத்தியம், ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு பெண்ணின் குரலோடு சரிசமமாக நின்று பேசுகிறது. அந்தப் பாட்டில் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கவில்லை என்பதை நாம் இப்போது கவனிப்பதுகூட இல்லை; அவ்வளவு இயல்பாகிவிட்டது.

தேர்வு என்றால் இழப்பும் உண்டு. பாரி வந்தபின் திமிரி மெல்ல ஒதுங்கியது. இன்று பெரும்பாலான வித்வான்கள் கையில் இருப்பது பாரிதான். கூடத்துக்குள் அது வெற்றி. வீதியில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கனத்த தாழ்ந்த குரல் கடற்காற்றில் கரைகிறது. அதை ஈடுகட்ட ஒலிபெருக்கி வந்தது. ஒலிபெருக்கி வந்ததும் தகரக் குழாயின் குரலே நாயனத்தின் குரல் என்று ஒரு தலைமுறை பழகிவிட்டது. பாரி நீளமானதால் விரல்கள் அகல விரிய வேண்டும்; மூச்சும் அதிகம் வேண்டும். இரண்டையும் இரு வாத்தியங்களாக, கூடத்துக்கு ஒன்றும் வீதிக்கு ஒன்றுமாக வைத்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று எனக்குப் படுவதுண்டு. ஆனால் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாசிக்கும் உரிமையைப் போராடிப் பெற்றவர்களிடம், தெருவுக்கென்று தனியே ஒரு வாத்தியம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல யாருக்குத் தகுதி இருந்தது?

வாத்தியம் வாங்குபவரின் கைக்கணக்குக்கு வருவோம். நாயனத்தின் உலவு ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. புதுமரம் ஆகாது; ஈரம் முழுவதும் போய், இனிச் சுருங்கவோ வெடிக்கவோ முடியாத அளவுக்கு முதிர்ந்திருக்க வேண்டும். ஆகவே ஆசாரிகள் இடிபடும் பழைய வீடுகளின் உத்தரம், தூண், நிலைக்கதவு ஆகியவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஆர்ச்டாப் செய்பவர்கள் பல்லாண்டு காய்ந்த ஸ்ப்ரூஸைப் பரணில் அடுக்கிக் காத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். விரல்படும் துளைகள் ஏழு. கீழே விரல்படாத துளைகள் ஐந்து. அவற்றை மெழுகால் சிறிது அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்கிறார்கள். முடிவில் அணசு. இவ்வளவும் சேர்ந்தும் அது பேசாது. பேச வேண்டியது நுனியில் கெண்டையில் செருகும் சீவாளி. காவிரிக்கரை நாணலில் செய்த அந்தச் சிறு பொருள் சில நாள் உழைத்துவிட்டுத் தளர்ந்துவிடும். அதனால்தான் வித்வான்களின் நாயனத்தில் மாற்றுச் சீவாளிகள் ஒரு கொத்தாக, அவற்றைச் சரிசெய்யும் ஊசியோடு தொங்குகின்றன. நூறாண்டு மரமும் ஒரு வார நாணலும் சேர்ந்தால்தான் நாதம். விலையுயர்ந்த ஆர்ச்டாப்பை வாங்கிக்கொண்டு தந்தி மாற்றச் சோம்பல்படுகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

மரத்தின் வயதே எல்லாம் என்றால் கல்லுக்கு என்ன குறை? திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் கல்லில் குடைந்த நாயனம் ஒன்று உண்டு. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைப் போல, சிற்பியின் கைத்திறனுக்குச் சாட்சி அது. வியந்து பார்க்கலாம், ஆனால் எந்தக் கல்யாணத்துக்கும் எந்த நாயனக்காரரும் கல்லைத் தூக்கிக்கொண்டு புறப்படப் போவதில்லை. ஜான் டி ஏஞ்சலிக்கோ தம் வாழ்நாளில் 1,164 கிதார்களுக்கு எண் இட்டார். அவற்றில் கணிசமானவை இன்று சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலமாரிகளில் கல் நாயனத்தின் வாழ்க்கையைத்தான் வாழ்கின்றன.

டி ஏஞ்சலிக்கோ 1964 செப்டம்பரில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் காருகுறிச்சியார் மறைந்திருந்தார். அவருக்கு அப்போது நாற்பதுகளின் தொடக்கம்தான். ஒருவர் செய்தவர், மற்றவர் வாசித்தவர். ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. டி ஏஞ்சலிக்கோவின் பட்டறையில் உதவியாளராக இருந்த ஜேம்ஸ் டி அக்விஸ்டோ வேலையைத் தொடர்ந்து, குருவைப் போலவே 59 வயதில், 1995இல் இறந்தார்.

ஆர்ச்டாப்பும் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் அது ஜாஸுக்காக மட்டும் வரவில்லை. ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா, சரோத் மேதை அலி அக்பர் கானிடம் பயின்றவர். அந்த நானூறு டாலர் ‘சூப்பர் 400’ வகைக் கிதாரை மடியில் கிடத்தி, தந்திகளை மேலே உயர்த்தி, சுருதித் தந்தி சேர்த்து, உருளையால் வழுக்கி ஹிந்துஸ்தானி இராகங்களை வாசித்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவுடன் அவர் சேர்ந்து அளித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் அதைக் கேட்கலாம். விஸ்வ மோகன் பட் அதே வளைபலகைக் கிதாரில் அனுதாபத் தந்திகளையும் பூட்டி மோகன வீணை என்று பெயரிட்டார். 1994இல் கிராமி விருது பெற்றார். நடன மண்டபத்தின் பின்வரிசைக்காக வயிறு பெருத்த கருவி இங்கே தரையில் உட்கார்ந்தவரின் மடியில், மேடையின் நட்ட நடுவில் வந்து கிடந்தது. பாலுசாமி தீட்சிதர் வயலினுக்குச் செய்ததை நூற்றைம்பது ஆண்டு கழித்து வேறொருவர் வேறொரு கருவிக்குச் செய்தார். இம்முறை பக்கத்தில் உட்காரச் சம்மதிக்காமல்.

நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்பவர்கள் சில குடும்பங்களே. கடைசல் வேலை இன்னும் கையில்தான். எங்கள் ஊர்களில் பழைய வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். உத்தரமும் நிலையும் எடைக்குப் போகின்றன. அவற்றில் ஆச்சா எது, வேங்கை எது என்று தட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் மர வாடிக்கு எப்போதாவது வந்து, வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்.